எந்த மாசத்துச் சிப்பி?

திருப்பாதிரிப்புலியூர் தேரடிப் பக்கம் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், ஒரே கேள்வியில் என்னைக் குப்புறத் தள்ளிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். (வெளியூர் வாசகர்களுக்கு: கடலூர்க்காரர்கள் வாயில் அது 'திருப்பாப்புலியூர்'. ஊரையே என்.டி., ஓ.டி. என்று இரண்டு எழுத்தில் முடித்துவிடுகிறவர்கள், இந்த ஒரு பெயரை மட்டும் பாதி தூரமாவது சொல்கிறார்களே என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.)

சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் சிப்பியைப் பற்றி எழுதியிருந்தேன். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கடல் எத்தனை டிகிரி சூடு என்று ஒரு சிப்பியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், சிப்பி என்பது கடல் நமக்காக விட்டுப்போன தெர்மாமீட்டர் என்றெல்லாம் அளந்திருந்தேன். நாலைந்து பேர் போன் போட்டுப் பாராட்டினார்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

பெரியவர் கடையில் வெற்றிலை வாங்கப் போனபோது கேட்டார்: "தம்பி, சிப்பியப் பத்தி எழுதினது நீங்கதான?"

"ஆமாங்கய்யா."

"படிச்சேன். நல்லாத்தான் இருந்திச்சு. ஒண்ணு கேக்கட்டா? அது எந்த மாசத்துச் சிப்பி?"

புரியவில்லை. "ஏங்கய்யா கேக்கறீங்க?"

"சின்ன வயசுல பரங்கிப்பேட்டையில மட்டி அள்ளினவன் நான். சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிளிஞ்சல் சுமந்திருக்கேன். ஐப்பசி பொறந்தா வெள்ளாத்துல தண்ணி எறங்கி மொகத்துவாரமே நல்லதண்ணியாப் பூடும். மட்டி வாய மூடிக்கும். கொஞ்சம் செத்தும் பூடும். வாய மூடிக்கினு கெடக்கறது என்னாத்த எழுதும்?"

வெற்றிலையை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நான் எழுதியதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அவர் கேட்டதற்கு அதில் பதிலே இல்லை. பதில் இல்லாததுகூடப் பரவாயில்லை, அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே நான் காட்டிக்கொள்ளவில்லை. ஆகவே இந்த வாரம் விமர்சனம். முதல் குற்றவாளி நான்.

விஷயத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்துவிடலாம். ஆக்சிஜனில் லேசானது உண்டு, கனமானது உண்டு. எடை 16 உள்ளதுதான் கிட்டத்தட்ட எல்லாம். சுமார் ஐந்நூறு அணுவுக்கு ஒன்று எடை 18. சிப்பி தன் ஓட்டைக் கட்டும்போது கடல் தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் கனமான ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலாக ஓட்டில் சேரும். சூடாக இருந்தால் குறையும். ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் என்றால், ஏறக்குறைய 4 டிகிரி வித்தியாசம். ஓட்டைத் துளைத்து எடுத்த பொடியை அமிலத்தில் போட்டு, வரும் வாயுவை நிறமாலைமானியில் விட்டு எண்ணினால் கணக்கு வந்துவிடும்.

இதைக் கணித்துச் சொன்னவர் ஹெரால்ட் யூரே. கனமான ஹைட்ரஜனைக் கண்டுபிடித்து 1934-ல் நோபல் பரிசு வாங்கியவர். யுத்தத்தின்போது அணுகுண்டுத் திட்டத்தில் இருந்தார். யுத்தம் முடிந்து 1947-ல் இந்தக் கணக்கை வெளியிட்டார். பிறகு சிகாகோவில் லோவன்ஸ்டாம், எப்ஸ்டைன், மெக்கின்னி என்று ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு அதைச் செய்துகாட்டினார். 1951-ல் வந்த அவர்களின் கட்டுரையில் ஒரு பகுதி இருக்கிறது. அறிவியல் கட்டுரையில் இப்படியும் எழுதலாமா என்று ஆச்சரியப்பட வைக்கும் பகுதி.

கணவாய்க்குத் தூரத்துச் சொந்தமான பெலம்னைட் என்ற பிராணி. அதன் உடம்புக்குள் தோட்டா மாதிரி ஒரு கட்டி ஓடு இருக்கும். மரத்தில் வளையம் விழுகிற மாதிரி அதில் அடுக்கடுக்காக வளர்ச்சி. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த, சுமார் 15 கோடி வருஷத்துக்கு முந்தைய ஒரு பெலம்னைட்டை அவர்கள் அடுக்கு அடுக்காகச் சுரண்டி அளந்தார்கள். சூடு ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. முடிவாகச் சொன்னார்கள்: இந்தப் பிராணி குழந்தைப் பருவம் தாண்டியபின் மூன்று கோடையும் நான்கு குளிர்காலமும் பார்த்திருக்கிறது. சுமார் நாலு வயதில், வசந்த காலத்தில் செத்திருக்கிறது. அது வாழ்ந்த கடலின் சராசரி வெப்பம் 17.6 டிகிரி, பருவத்துக்குப் பருவம் அதிகபட்ச வித்தியாசம் 6 டிகிரி.

யோசித்துப் பாருங்கள். நம்ம தாத்தாவுக்குத் தாத்தா எந்த மாசம் காலமானார் என்பதற்கு நம்மிடம் சான்று கிடையாது. ஒரு கணவாய்க்கு இருக்கிறது!

இந்தப் பகுதியைத்தான் உலகத்துப் பாப்புலர் சயன்ஸ் எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டார்கள், நான் உட்பட. நல்ல கதை. ஆனால் கதையை எடுத்தவர்கள் அதன் அடியில் இருந்த நிபந்தனையை எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பி.காம். படித்தவன். விஞ்ஞானம் எனக்கு வாசகன் அளவில்தான் தெரியும். ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஒரு தொகையைப் பார்த்தால் இது எந்தெந்த வரவு சேர்ந்து வந்த தொகை என்று கேட்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சிப்பியில் இருக்கும் கன ஆக்சிஜன் ஒரே ஒரு தொகை. அதற்குள் இரண்டு கணக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று, தண்ணீரின் சூடு. இன்னொன்று, அந்தத் தண்ணீரிலேயே கன ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்பது. மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது. ஏதாவது ஒன்றை நாமாக வைத்துக்கொள்ள வேண்டும். யூரே குழு இதை மறைக்கவில்லை. பழைய கடலின் தண்ணீர் இப்படி இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கிட்டார்கள், அதைச் சொல்லவும் செய்தார்கள். அந்த 'வைத்துக்கொண்டு' பத்திரிகைக்கு வரும்போது காணாமல் போய்விட்டது.

அது சும்மா சம்பிரதாயமான அடிக்குறிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். யூரேயின் மாணவர் சிசாரே எமிலியானி, ஆழ்கடல் மண்ணில் கிடக்கும் நுண்ணுயிர்களின் ஓடுகளை இதே முறையில் அளந்து, பனி யுகத்தில் கடல் எவ்வளவு குளிர்ந்தது என்று 1955-ல் அறிவித்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1967-ல், நிக்கோலஸ் ஷாக்கிள்டன் என்ற ஆங்கிலேயர் வந்தார். 'நீங்கள் அளந்ததில் பெரும்பங்கு கடலின் குளிர் இல்லை, நிலத்தில் பனியாக உறைந்துபோன தண்ணீரின் அளவு' என்றார். லேசான தண்ணீர் ஆவியாகிப் பனியாக உட்கார்ந்துவிட்டால் மிச்சக் கடலில் கனம் கூடிவிடும். ஓடுகள் பொய் சொல்லவில்லை. எழுதியிருந்தது வேறு கணக்கு. இன்று ஷாக்கிள்டன் பக்கம்தான் பெரும்பாலும் சரி என்கிறார்கள். இத்தனைக்கும் எமிலியானி சாதாரண ஆள் இல்லை.

இப்போது நம்ம கடலுக்கு வாருங்கள்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நின்றால் தெரிகிற கடலில் வருஷம் முழுக்க மேல்தண்ணீரின் வெப்பம் சுமாராக 26-லிருந்து 30 டிகிரிக்குள்தான் ஆடும். சித்திரை, வைகாசியில் உச்சம். மார்கழி, தையில் குறைவு. நாலு டிகிரி ஆட்டம் என்றால் சிப்பியில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் ஒரு கோடுதான் ஏறி இறங்கும். இது சூட்டுக் கணக்கு.

தண்ணீர்க் கணக்கு? ஐப்பசி, கார்த்திகையில் வானம் கொட்டுகிறது. கெடிலம், தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் வந்து விழுகின்றன. போதாததற்கு, வடக்கே கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நல்ல தண்ணீரை அதே மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டு வருகிறது. மழைத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் எல்லாமே ஆக்சிஜனில் லேசான சரக்கு.

ஒரு கணக்குப் போடுவோம். ஆற்றுத் தண்ணீர் கடல் தண்ணீரைவிட ஆயிரத்துக்கு ஆறு பங்கு லேசு என்று வையுங்கள். கரையோரத்தில் ஆறில் ஒரு பங்கு ஆற்றுத் தண்ணீர் கலந்தால் போதும், அங்கே உள்ள தண்ணீர் ஆயிரத்துக்கு ஒன்று லேசாகிவிடும். அதே சமயம் மழையில் கடல் 2 டிகிரி குளிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்காகச் சிப்பியில் அரைப் பங்கு கனம் கூட வேண்டும். தண்ணீருக்காக ஒரு பங்கு குறைய வேண்டும். நிகரமாக அரைப் பங்கு குறைவு. இதை வாங்கி, தண்ணீர் எப்போதும் ஒரே மாதிரிதான் இருந்தது என்ற நம்பிக்கையோடு படிக்கிறவர் என்ன எழுதுவார்? 'கடல் 2 டிகிரி சூடேறியது' என்று எழுதுவார். அடை மழையில் குடை பிடித்துக்கொண்டு நிற்கும் மாதத்தை அவர் நோட்டில் கோடை என்று பதிந்துவிடுவார்!

பெரியவர் கேட்டது இதைத்தான். இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டார், அது இதைவிட நாசூக்கானது. வாயை மூடிக்கொண்டால் எழுத்தே கிடையாது. உப்பு ரொம்பக் குறைந்தால் மட்டி ஓட்டை இறுக்கி மூடிவிடும், வளர்ச்சி நிற்கும். அந்த மாதங்களின் பக்கமே புத்தகத்தில் இருக்காது. மழைக்கு மூன்று மாதம் கடையைப் பூட்டிவிட்டு, ஒன்பது மாத வியாபாரத்தைக் காட்டி 'இதுதான் என் வருஷ சராசரி' என்றால் வருமான வரி ஆபீசில் ஒத்துக்கொள்வார்களா? சிப்பி விஷயத்தில் நாம் ஒத்துக்கொள்கிறோம்.

இதற்காக இந்த வித்தையையே குப்பை என்று தூக்கிப் போட்டுவிட்டால் அது அடுத்த அசட்டுத்தனம். அப்படிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 'டைனோசர் காலத்தில் கடல் இதைவிடச் சூடு, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லையே, இப்போது ஏன் அலறுகிறீர்கள்' என்று ஒரு கோஷ்டி. சிப்பிக் கணக்கே தப்பு, ஆகவே பருவநிலை மாற்றமும் டூப் என்று இன்னொரு கோஷ்டி. இன்றைக்குக் கடல் சூடாவதைச் சொல்வது கப்பல்களும் மிதவைகளும் சாட்டிலைட்டும். எந்தச் சிப்பியையும் நம்பி அது நிற்கவில்லை. சிப்பி சொல்ல வேண்டியது வேறு: உலகம் சூடாக இருந்த காலங்களில் கோடைக்கும் குளிருக்கும் இடைவெளி எவ்வளவு இருந்தது, மழை எப்போது இறங்கியது. வருஷ சராசரியை வைத்துக்கொண்டு மீனவர் வலை போட முடியாது, விவசாயி விதைக்க முடியாது. அவர்களுக்கு மாதம் வேண்டும். அதனால்தான் மாதத்தைத் தப்பாகப் படிப்பது சின்னத் தப்பு இல்லை.

வழி இருக்கிறதா? இருக்கிறது. சந்தோஷமான சங்கதி என்னவென்றால், அதில் நம்ம ஆள் ஒருவர் பெயர் முதலில் வருகிறது. 2006-ல் கலிபோர்னியாவின் கால்டெக்கில் ஜான் ஐலர் குழுவிலிருந்து வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் புரோசன்ஜித் கோஷ். பின்னால் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தவர். அவர்கள் கனமான ஆக்சிஜன் எவ்வளவு என்று மட்டும் எண்ணவில்லை. கனமான கார்பனும் கனமான ஆக்சிஜனும் ஒரே இடத்தில் ஜோடி சேர்ந்து உட்கார்ந்திருப்பது எத்தனை என்று எண்ணினார்கள். குளிர் கூடினால் இந்த ஜோடிகள் கூடும். தண்ணீர் ஆற்றுத் தண்ணீரா கடல் தண்ணீரா என்ற பேச்சே இல்லை. சூட்டுக் கணக்கு தனியாகக் கிடைத்துவிட்டால், பழைய முறையில் வந்த மொத்தத்திலிருந்து அதைக் கழித்துத் தண்ணீர்க் கணக்கையும் எடுத்துவிடலாம். பி.காம். முதல் வருஷக் கணக்கு.

ஒரு முட்டுக்கட்டை உண்டு. இந்த ஜோடிகள் ரொம்ப அபூர்வம் என்பதால் பழைய முறையைவிட அதிகப் பொடி வேண்டும். ஒரு வளையத்தில் கிடைக்கும் துளிப் பொடி போதாது. நாலைந்து வளையத்தைச் சேர்த்துப் பொடி எடுத்தால் மாதங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். சூடு தெளிவாகத் தெரியும், மாதம் மங்கும். பெரிய, தடித்த ஓடுள்ள பிராணிகளாகப் பார்த்துத் தேடுகிறார்கள்.

தடித்த ஓடு வேண்டுமா, அரியலூருக்குப் போங்கள். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் ஏழு கோடி வருஷத்துக்கு முந்தைய ஆளிச் சிப்பிகள் படுகை படுகையாக அடுக்கிக் கிடக்கின்றன. பெலம்னைட் வேண்டுமென்றால் பெரம்பலூர் பக்கம் காரை. கரடுமுரடான செம்மண் பள்ளங்களில் விரல் விரலாகக் கிடக்கும். இதெல்லாம் இன்றைக்கு நேற்றைக்குத் தெரிந்ததும் இல்லை. கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கம் பொறுக்கி அனுப்பியதை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் விவரித்து எழுதினார். பிறகு ஸ்டோலிக்ஸ்கா என்ற செக் நாட்டுக்காரர் இந்தியப் புவியியல் துறைக்காக இந்தப் படிவங்களைத் தடித்தடியான புத்தகங்களாக வரைந்து வைத்துவிட்டு, 1874-ல் லடாக் மலையில் இறந்துபோனார்.

இவற்றின் ஆக்சிஜனையும் எண்ணியிருக்கிறார்கள். ரஷ்யாவின் ஜகாரோவ் தலைமையில், நம்ம நாகேந்திராவும் சேர்ந்த ஒரு குழு தென்னிந்தியாவின், மடகாஸ்கரின் படிவங்களைச் சேர்த்து ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டது. மடகாஸ்கர் ஏன் என்கிறீர்களா? அப்போது இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது, மடகாஸ்கர் ரொம்ப காலம் நம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக, அந்தக் காரைக் கடலில் கோடை வந்தது நம்ம கணக்குக்கு மார்கழி, தையில். ஐப்பசி மழையும் இதே உருவத்தில் இருந்திருக்க முடியாது. பெரியவரின் பதிலை அப்படியே ஏழு கோடி, பத்துக் கோடி வருஷம் பின்னால் தூக்கிக்கொண்டு போக முடியாது. கேள்வியைத் தாராளமாகக் கொண்டு போகலாம்.

அந்தக் கேள்விக்கு என்றாவது பதில் வர வேண்டுமானால் சிப்பி இருக்க வேண்டும், அது எந்த அடுக்கில் கிடந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. படிவம் என்றாலே நமக்கு டைனோசர்தான். 2009-ல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டை என்றதும் ஊரே திரண்டது. 2020-ல் குன்னத்தில் உருண்டையாக ஏதோ கிடைத்ததும் மறுபடி முட்டை, முட்டை என்று பரபரப்பு. போய்ப் பார்த்த நிபுணர்கள் அது முட்டை இல்லை, கடல் படிவம் என்றார்கள். உடனே எல்லோருக்கும் சப்பென்று போய்விட்டது. கடல் படிவம் என்றால் சப்பென்று போவானேன்? முட்டை ஒரு பிராணி அங்கே இருந்தது என்று சொல்லும். சிப்பி வருஷக்கணக்கில் டைரி எழுதியிருக்கும்.

இன்னொரு பக்கம் சிமென்ட். சுண்ணாம்புக்கல் சிமென்டுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. நான் இருக்கும் வீடும் சிமென்டில் கட்டியதுதான். ஆனால் சுரங்கத்தின் சுவரில் அடுக்கு தெரிகிற நாளில் ஒரு ஆளை நிறுத்தி, எந்த அடி ஆழத்தில் எந்தச் சிப்பி என்று எழுதி, பத்துப் பையில் கட்டிவைக்க எவ்வளவு செலவாகிவிடும்? எதிர்த் திசையில், காரைக்கு இன்பச் சுற்றுலா போய்ப் பை நிறைய அள்ளிக்கொண்டு வருகிறவர்கள். ஸ்கூல் அலமாரியில், காலேஜ் அலமாரியில் 'கடல் சிப்பி, அரியலூர்' என்று ஒரு சீட்டு. எந்த அடுக்கு, எந்தப் பள்ளம், யார் எடுத்தது, ஒன்றும் கிடையாது. தேதி இல்லாத வவுச்சர். ஆடிட்டர் அதைத் தொடக்கூட மாட்டார். (என் மேஜையிலும் அப்படி ஒன்று பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. அதைத்தான் போன கட்டுரையில் தெர்மாமீட்டர் என்று எழுதினேன்.)

அதற்கும் முன்னால் இன்றைய சிப்பியைப் படித்துப் பழக வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றங்கரையிலேயே இருக்கிறது. சேஷய்யா காலத்திலிருந்து அந்த முகத்துவாரத்தின் உப்பையும் சூட்டையும் உயிரினங்களையும் தலைமுறை தலைமுறையாக அளந்து வந்திருக்கிறார்கள். தண்ணீர்க் கணக்கும் சூட்டுக் கணக்கும் தனித்தனியாகத் தெரிந்த இடத்தில் வளர்ந்த மட்டியை வெட்டிப் பார்த்தால், ஐப்பசி எப்படி எழுதுகிறது என்று தெரிந்துவிடும். தெரிந்த மாதத்தைப் படிக்கக் கற்றபிறகு தெரியாத மாதத்துக்குப் போகலாம். ஸ்கை தீவின் பெலம்னைட்டுக்கும் இதுதான் பாக்கி. அது நீந்துகிற பிராணி. குளிர்காலம் என்று அவர்கள் படித்தது, அது ஆழத்துக்குப் போய்வந்த சமயமாகக்கூட இருக்கலாம். மூன்று கோடை, நான்கு குளிர்காலம் என்பதை நான் இன்னும் நம்புகிறேன். ஆனால் முன்னைப்போல் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்ய மாட்டேன்.

இதையெல்லாம் போன வாரம் போய்ப் பெரியவரிடம் சொன்னேன். ஜோடி எண்ணுகிற கதையைக் கேட்டு, "பரவால்லியே" என்றார். பிறகு சுண்ணாம்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய மட்டி ஓட்டை எடுத்தார். முதுகில் மெல்லிய கோடுகள். நடுவில் ஒன்று மட்டும் தடிப்பாக, கறுப்பாக.

"இது தெரியுதா? இதான் மழ. இங்க மூடிக்கிச்சு. அப்பறம் தொறந்து மறுபடி வளந்திருக்கு."

முட்டை விடுகிற காலத்திலும் வளர்ச்சி நின்று அந்த மாதிரிக் கோடு விழும் என்று இதற்குள் நான் படித்திருந்தேன். மெதுவாகச் சொன்னேன்.

ஓட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பிடியா? அப்ப கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொரண்டிப் பாக்கச் சொல்லுங்க. மழையா இருந்தா தண்ணி லேசா இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க" என்று ஓட்டை என் கையில் வைத்து, வெற்றிலைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.